பிரையன் லிமா - எதிரிகளின் "எலும்பு வைத்தியர்"!

ரக்பி உலகில் "கைரோபிராக்டர்" என்றாலே ஒரு சமோவாக்காரர்தான் நினைவுக்கு வருவார். கைரோபிராக்டர் என்பவர் முதுகெலும்பையும் மூட்டுகளையும் அழுத்திச் சரிசெய்யும் வைத்தியர். பிரையன் லிமா செய்தது அதற்கு நேர் எதிர்! பந்தோடு ஓடி வருபவரை அவர் மோதி வீழ்த்தினால், விழுந்தவரின் எலும்புகள் இடம் மாறிவிடும் என்று கிண்டலாக வைத்த பெயர் இது.

லிமா 1972-ல் பிறந்தவர். 1991 உலகக் கோப்பைக்கு வந்தபோது அவருக்கு வயது 19. நாட்டின் பெயர் அப்போது மேற்கு சமோவா (1997-ல்தான் "மேற்கு" போனது). 1987-ல் நடந்த முதல் உலகக் கோப்பைக்கு அவர்களை யாரும் அழைக்கவே இல்லை. அணித் தலைவர் பீட்டர் ஃபதியாலோஃபாவுக்கு ஆக்லாந்தில் பியானோ தூக்கி இடம் மாற்றும் தொழில். இப்படிப்பட்ட அணி கார்டிஃப் நகரில் வேல்ஸை 16-13 என்று வீழ்த்தியது. மேற்கு சமோவாவே இப்படியென்றால் முழு சமோவாவும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வேல்ஸ் மக்களே சொல்லிச் சிரித்தார்களாம். அந்த அணி காலிறுதி வரை போனது.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வீரர் நாடு மாறி விளையாட முடியும். 1991-ல் மேற்கு சமோவாவுக்கு ஆடிய ஃபிராங்க் பன்ஸ் அடுத்த ஆண்டே நியூசிலாந்து அணிக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, பணமும் புகழும் அங்கேதான் இருந்தன. 2000-ல் இந்த வழி அடைக்கப்பட்டது. லிமா கடைசிவரை சமோவாவின் நீலச் சட்டையிலேயே இருந்தார். 1995, 1999, 2003, 2007 என்று மொத்தம் ஐந்து உலகக் கோப்பைகள்! அதற்குமுன் யாரும் செய்யாத சாதனை இது. (1999-ல் அதே கார்டிஃபில் வேல்ஸுக்கு மறுபடியும் அடி, 38-31.)

ஆனால் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2003-ல் பிரிஸ்பேனில் நடந்த ஒரு நொடியை. தென்னாப்பிரிக்காவின் டெரிக் ஹௌகார்ட் பந்தை வாங்குகிறார். எங்கிருந்தோ முழு வேகத்தில் லிமா! ஹௌகார்ட் அப்படியே பின்னால் தூக்கி எறியப்பட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தில் சமோவா 60-10 என்று படுதோல்வி அடைந்தது. ஜெயித்தவர்கள் அடித்த புள்ளிகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள், தோற்றவரின் மோதல் மட்டும் நிற்கிறது.

இந்த வேகத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2007-ல் இங்கிலாந்தின் ஜானி வில்கின்சன் மீது ஆபத்தாக மோதியதற்காக லிமாவுக்குத் தடை விதித்தார்கள். 35 வயது. ஐந்தாவது உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. அமெரிக்காவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் சமோவா அவர் இல்லாமலே 25-21 என்று வென்றது. 2011-ல் சர்வதேச ரக்பி வாரியம் அவரைப் புகழ் மன்றத்தில் சேர்த்தது.