சீகேமில் பிறந்த பிளவு: இராஜாக்கள் நூலில் பாவமும் ஆட்சிப் பிழையும்

முன்னுரை

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள இராஜாக்கள் நூல்கள் இரண்டும், சாலொமோன் அரியணை ஏறியது முதல் எருசலேம் வீழ்ந்து மக்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டது வரையிலான ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு வரலாற்றைக் கூறுவன. நாடிழந்த மக்கள் அதற்குக் காரணம் யாது என வினவிய காலத்தில் இந்நூல்கள் இறுதி வடிவம் பெற்றன என்னும் கருத்து, மார்ட்டின் நோத் 1943இல் தம் ஆய்வை வெளியிட்ட பின்னர் அறிஞரிடையே பரவலாக ஏற்கப்பட்டது. அவ்வினாவிற்கு இந்நூல்கள் தரும் விடை ‘பாவம்’ என்பதாகும். பாவத்தைத் தனிமனித ஒழுக்கம் சார்ந்த குற்றமாகவே கொள்ளும் வழக்கம் மிகுதி. இந்நூல்களிலோ அச்சொல், ஆள்வோனின் முடிவொன்று நிலைத்த அமைப்பாக இறுகி, அதில் பங்கில்லாத தலைமுறைகளையும் பற்றிக்கொள்வதைக் குறிக்கிறது. கி.மு. 930 அளவில் நாடு இரண்டுபட்ட நிகழ்ச்சியைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்க முற்படுகிறது.

அமஞ்சியும் அரசும்

சாலொமோன் ஆலயத்தை 7 ஆண்டுகளிலும் அரண்மனையை 13 ஆண்டுகளிலும் கட்டினான் என்கிறது நூல். இதற்கென 30,000 பேர் திரட்டப்பட்டு, மாதம் 10,000 பேராக முறைவைத்து லீபனோனுக்கு அனுப்பப்பட்டனர். சுமை சுமந்தோர் 70,000 பேர். மலையில் கல் வெட்டியோர் 80,000 பேர். சாலொமோனின் அரசு எத்துணைப் பரப்புடையது என்பது பற்றியே தொல்லியலார் கருத்து வேறுபடுவதால், இவ்வெண்களை அப்படியே கொள்ளுதல் இயலாது. எனினும், பெருங்கட்டடங்களின் பின்னிருந்த மக்கள் துயரை நூலாசிரியர் மறைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. கூலியின்றிக் கட்டாயமாக வாங்கும் இவ்வுழைப்பைப் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு ‘அமஞ்சி’ என்னும் சொல்லால் சுட்டுகிறது. தமிழகத்து உழைப்பாளரும் அறிந்திருந்த சுமையாதலின் அச்சொல்லாட்சி மிகப் பொருத்தமானது.

செவிகொடாத அரசன்

சாலொமோனுக்குப்பின் அவன் மகன் ரெகொபெயாம் முடிசூடச் சீகேமுக்குச் சென்றான். தந்தை சுமத்திய நுகத்தை இலகுவாக்கினால் பணிந்திருப்போம் என வடகோத்திரத்தார் வேண்டினர். அவன் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோர் மக்களுக்கு இணங்குமாறு கூறினர். உடன்வளர்ந்தோர் சுமையை மிகுவிக்குமாறு கூறினர். பின்னவர் சொல்லையே அவன் ஏற்றான். அப்போது அவனுக்கு வயது 41 என நூல் பிறிதோரிடத்தில் குறிப்பதால், இதனை இளமையின் அறியாமை என ஒதுக்குதல் இயலாது. கிளர்ந்தெழுந்த மக்களிடம் அவன் அனுப்பியவன், கட்டாய ஊழியத்திற்கே தலைவனாயிருந்த அதோராம். மக்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றனர். பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன.

ரெகொபெயாமின் ஐந்தாம் ஆட்சியாண்டில் எகிப்திய மன்னன் சீஷாக் படையெடுத்துச் சாலொமோன் செய்வித்த பொற்கேடயங்களைக் கவர்ந்து சென்றான். அவற்றுக்கு மாற்றாக வெண்கலக் கேடயங்கள் செய்யப்பட்டன; அரசன் ஆலயம் செல்லுந்தோறும் காவலர் அவற்றை ஏந்திச் சென்றனர். பொன் போயிற்று, பொலிவைக் காட்டும் சடங்கு மட்டும் நின்றது. சீஷாக் என்பவனை முதலாம் ஷோஷெங்க் என அறிஞர் பலர் கொள்வர். கர்நாக் கோயிலில் அவன் வென்ற ஊர்களின் பட்டியல் உள்ளது. எஞ்சிய பகுதியில் எருசலேமின் பெயர் காணப்படாவிடினும், படையெடுப்பு நிகழ்ந்தமைக்கு அது சான்றாகும்.

அஞ்சிய அரசன்

வடநாட்டிற்கு அரசனான யெரொபெயாம், சாலொமோனின்கீழ் யோசேப்பு வீட்டாரின் ஊழியத்தை மேற்பார்த்தவன். மக்கள் துயரை நேரில் அறிந்தவன். ஆயினும், வழிபாட்டிற்கு எருசலேம் செல்லும் மக்கள் தன்னைக் கைவிடுவர் என அஞ்சினான். பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுவினான். லேவியர் அல்லாதாரைக் குருக்களாக்கினான். எட்டாம் மாதம் பதினைந்தாம் நாளில் புதியதொரு திருவிழாவையும் வகுத்தான். தாண் மேட்டில் அவ்ரகாம் பிரான் 1966 முதல் நடத்திய அகழாய்வில் பெரியதொரு வழிபாட்டிடம் வெளிப்பட்டமை இங்குக் குறிப்பிடத்தக்கது. அக்கன்றுகள் பிற தெய்வங்களல்ல, காணவியலாக் கடவுளின் பீடங்களே என்பாரும் உளர். அங்ஙனமாயினும் நூலாசிரியரின் குற்றச்சாட்டு வலுவிழப்பதில்லை. வழிபாடு அரியணைக்குக் காவலாக்கப்பட்டது என்பதே அதன் சாரம்.

பின்வந்த வடநாட்டு அரசருள் ஏறத்தாழ அனைவரும் யெரொபெயாமின் பாவத்தை விட்டு விலகவில்லை என்னும் தீர்ப்பு வாய்பாடுபோல் திரும்பத் திரும்ப வருகிறது. பாகால் வழிபாட்டை ஒழித்த யெகூவும் இதற்கு விலக்கல்லன். அந்நாட்டை ஆண்ட 19 அரசருள் எழுவர் கொலையுண்டனர். கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது.

குற்றமும் விளைவும்

முன்னோர் பாவத்திற்குப் பின்னோர் தண்டிக்கப்படுதல் முறையோ என்னும் வினா இங்கு எழும். இராஜாக்கள் நூலே இதற்கு விடை தருகிறது. தன் தந்தையைக் கொன்றோரைத் தண்டித்த அமத்சியா, மோசேயின் சட்டத்திற்கிணங்க அவர்தம் பிள்ளைகளைக் கொல்லவில்லை. அவரவர் பாவம் அவரவரையே சாரும் என்பதை எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரம் விரித்துரைக்கிறது. ஆதலின் குற்றம் வேறு, விளைவு வேறு எனப் பகுத்தல் இன்றியமையாதது. குற்றம் மரபுரிமையாக வருவதில்லை, விளைவு வருகிறது. மனந்திரும்புவோர்க்கு மன்னிப்புண்டு என்பது கிறித்தவத்தின் அடிப்படை நம்பிக்கை. எனினும் கல் சுமந்து தேய்ந்த தோளையும், இரண்டுபட்ட நாட்டையும் மன்னிப்பு ஒருநாளில் பழைய நிலைக்குக் கொணர்வதில்லை. ஆள்வோர்க்குப் பொறுப்பு மிகுதி எனக் கிறித்தவ மரபு வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

முடிவுரை

பிளவு நிகழ்ந்த சீகேமுக்கு அண்மையில், யாக்கோபின் கிணற்றருகே இயேசு சமாரியப் பெண்ணொருத்தியிடம் தண்ணீர் கேட்டதை யோவான் நற்செய்தி கூறுகிறது. தொழுமிடம் இம்மலையோ எருசலேமோ என்பதே அவள் எழுப்பிய வழக்கு. சமாரியர் தனிச் சமூகமானதற்குப் பிற்காலக் காரணங்கள் பலவுண்டு. யெரொபெயாம் ஒருவனை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. எனினும், ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே மண்ணில் வழிபாட்டிடம் பற்றிய வழக்கே மக்களைப் பிரித்து நின்றது. இயேசு அவ்வழக்கில் தம் இனத்தாரின் நிலைப்பாட்டைக் கைவிடவில்லை. ஆயினும் இடத்தைக் கடந்த வழிபாடு ஒன்றைச் சுட்டினார். அதற்குமுன் அவர் செய்தது, பகைவராகக் கருதப்பட்டோரிடம் தண்ணீர் கேட்டதும் அவள் சொல்வதைச் செவிமடுத்ததுமே. சீகேமில் ரெகொபெயாம் செய்யத் தவறியதும் செவிமடுத்தலே ஆகும்.