திண்ணையில் எழுதிய பதில்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பேட்டி எடுக்க வரும் ஆராய்ச்சி மாணவர்கள் வாய் திறப்பதற்குள் ஊர் முந்திக்கொள்ளும்: "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?"

இந்தச் சங்கடம் நூறாண்டுப் பழசு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவர் அறிந்த கிராமத்துக்கே அனுப்பினார். அந்த அறிக்கைகள் 1918-இல் நூலாயின. அதில் சிவகாசி அருகே உள்ள வடமலாபுரமும் ஒன்று. அன்று அது இராமநாதபுரம் ஜில்லா. 1930-களில் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள்.

தெரிந்த பிள்ளை என்றால் ஊர் பேசும். ஆனால் தெரிந்த பிள்ளைக்கும் ஒரு தெரு உண்டு, ஒரு திண்ணை உண்டு. அதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

கல்லூரி நாளில், திருச்சுழி அருகே ஒரு கிராமத்தில், அப்பாவுக்குப் பழக்கமான சம்சாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பன்னிரண்டு பேரிடம் விசாரித்தேன். மானாவாரிப் பருத்தி, கம்பு, கூலி எல்லாம் தடையில்லாமல் வந்தது. கடன் என்றதும் எல்லோரும், "ஒண்ணும் இல்ல தம்பி" என்றார்கள். எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் கண்மாய்க் கரையில் அவர்களில் ஒருவர் தனியே சொன்னார்: "அந்த வீட்டுக்குத்தான் தம்பி தரணும். அங்க ஒக்காந்து எப்படிச் சொல்ல?"

அவருடைய பதிலைத் திருத்தினேன். மற்றப் பதினொரு 'இல்லை'யும் அப்படியே அச்சேறிவிட்டன.

இப்போது வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கேள்வியை அப்புறம் பார்க்கலாம், எங்கே உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.