முத்திரை மரக்காலும் ஈரப்பதக் கருவியும்

காவிரி டெல்டாவில் நெல்லைத் தரம் பிரித்த கைகள் பெரும்பாலும் சேரிக் கைகள்தான். கதிரடிப்பது, காற்று பார்த்துத் தூற்றுவது, பொலி வேறு, கருக்காய் வேறு, பதர் வேறு என்று ஒதுக்குவது எல்லாம் பண்ணையாட்களின் வேலை. களமும் குவியலும் அளக்கும் மரக்காலும் மட்டும் அவர்களுடையவை அல்ல. 'சிறு விவசாயிகளுக்குத் தரம் பற்றிய விழிப்புணர்வு இல்லை' என்று கருத்தரங்க மேடைகளில் கேட்கும்போது நமக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

1940-களில் பி. சீனிவாசராவ் முன்னின்று நடத்திய கீழத்தஞ்சைப் போராட்டத்தைச் சாணிப்பால், சவுக்கடி ஒழிப்புக்காகவே நாம் அதிகம் நினைவுகூர்கிறோம். முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைதான். சின்ன மரக்காலில் கூலி கொடுத்து, பெரிய மரக்காலில் குத்தகை வாங்கிய காலம் அது. 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியிலும் அரைப்படி நெல் கூலி உயர்வுக் கோரிக்கை இருந்தது.

அரசு தரம் பிரிக்க வந்த கதை வேறு. வேளாண் விளைபொருள்களைத் தரம் பிரித்துக் குறியிடும் சட்டம் 1937-இல் வந்தது. அக்மார்க் முத்திரை அதன் பிள்ளை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் நேரடி கொள்முதல் நிலையங்களில் இன்று மரக்கால் இல்லை, மின்னணுத் தராசு இருக்கிறது. சண்டை தராசிலிருந்து ஈரப்பதக் கருவிக்கு நகர்ந்துவிட்டது.

மத்திய அரசின் கொள்முதல் விதிப்படி நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கல், மண் 1 சதவீதம். வைக்கோல், பதர் போன்றவை 1 சதவீதம். சேதமடைந்தது, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அரித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதம். முதிராத, சுருங்கிய நெல் 3 சதவீதம் வரை போகலாம். சன்ன ரகத்தில் பொது ரகம் 6 சதவீதத்துக்கு மேல் கலந்தால் சன்ன ரக விலை கிடைக்காது.

இவற்றில் பெரும்பாலானவற்றை வயலிலேயே சரிசெய்யலாம். ஒரே ரக விதை, அறுப்புக்குப் பத்து நாள் முன்பு தண்ணீர் வடிப்பு, கதிரில் பெரும்பகுதி பொன்னிறமான பிறகு அறுவடை. வாடகை இயந்திரம் முந்தைய வயலின் நெல்லைத் தொட்டியில் மிச்சம் வைத்திருக்கும். அதைத் துடைத்த பிறகே நம் வயலில் இறங்கச் சொல்ல வேண்டும்.

ஈரம்தான் சிக்கல். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்கிறது. களமும் தார்ப்பாயும் உள்ளவர் மெல்லியதாகப் பரப்பி, கிளறி, மாலைக்குள் மூடிவிடுவார். காலனிக்குக் களம் இல்லை, தார்ச்சாலைதான் களம். காய்ந்த நெல்லும் கொள்முதல் நிலைய வாசலில் நாள்கணக்கில் காத்திருந்து மறுபடி ஈரம் ஏற்கிறது. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை வாங்க மத்திய அரசு தளர்வு தந்தது. ஆனால் தளர்வு ஆணை வந்து சேரும் வரை காத்திருக்கக் கையில் காசு வேண்டுமே! கடன்காரர் வாசலில் நிற்கும்போது வயலோரம் வரும் வியாபாரியிடம்தான் மூட்டை போகிறது.

அந்த வியாபாரி 'ஈரக் கழிவு' என்று பிடிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு, மாணவத் தோழர்கள் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். 20 சதவீத ஈரமுள்ள 40 கிலோ மூட்டையில் ஈரம் போக இருப்பது 32 கிலோ. 17 சதவீதத்துக்குக் காய்ந்த மூட்டையில் இந்த 32 கிலோ 83 பங்கு. எனவே காய்ந்த எடை சுமார் 38 கிலோ 550 கிராம். குறைவது ஒன்றரைக் கிலோவுக்கும் கம்மி. மூன்று கிலோ பிடித்தால் பாதி களவு. இந்தக் கணக்கைக் களத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் இருந்தாலே பேச்சு மாறும்.

இன்னொரு தடை தரத்தோடு சம்பந்தமே இல்லாதது. கொள்முதல் நிலையம் சிட்டா, அடங்கல் கேட்கும். வாய்மொழிக் குத்தகையில் உழுபவர் பெயர் அதில் இருக்காது. பெண்கள் பெயர் இன்னும் அரிது. எவ்வளவு நன்றாகக் காய வைத்த நெல்லும் கடைசியில் நிலக்காரர் பெயரில் விற்கப்படுகிறது, பணமும் அவர் வங்கிக் கணக்குக்கே போகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. பதிவு கேட்டால் அடுத்த போகம் நிலம் கிடைக்காது என்ற பயத்தில் பலர் கேட்பதில்லை. தனியாள் கேட்டால் அந்தப் பயம் நியாயமானது. தெருவே சேர்ந்து மனு கொடுத்தால் ஒருவரை மட்டும் ஒதுக்குவது கடினம்.

அதே மனுவில் காலனிக்கு ஒரு சிமெண்ட் உலர்களமும் கேட்கலாம், கிராம சபையில் தீர்மானமாக வைத்து. நெல் அளக்கும் நாளில் கருவி காட்டும் எண்ணைத் தேதியோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.