வர்ம நூல்களில் 'நரம்பு': ஒரு பொருள்கோள் மறுப்பு

வர்ம நூல்கள் சொல்லும் 108 இடங்களை, 12 படுவர்மம், 96 தொடுவர்மம் அனைத்தையும், நரம்புப் பின்னல்களின் வரைபடமாக வாசிக்கும் போக்கு ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. அதன் பாரம் முழுவதும் 'நரம்பு' என்ற ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. சுவடியில் அச்சொல் வரும் இடங்களிலெல்லாம் மூளையின் தூண்டலைக் கடத்தும் உறுப்பு என்று பொருள் கொண்டால்தான் அந்த வரைபடம் நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு வட்டாரத்து வர்ம ஆசான்மாரின் வழக்கில் அது பெரும்பாலும் தசையையும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணையும் குறிப்பதாகவே எனக்குப் படுகிறது.

தொல்காப்பியத்தில் நரம்பு யாழின் இசையோடு சேர்ந்து வருகிறது. இழுத்துக் கட்டப்படுவது, விறைப்பது, தளர்வது: அச்சொல்லின் பழைய உயிர் இதில் இருக்கிறது. பாடநூல்கள் அதைக் குறுக்கியது பிற்காலத்தில். பேச்சு வழக்கு இன்னும் குறுகவில்லை. கெண்டைக்காலில் ஆடுசதை கட்டியாகிவிட்டால் 'நரம்பு இழுக்குது' என்கிறார்கள். 1956 வரை கல்குளம், விளவங்கோடு வட்டாரம் முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அங்கு வழங்கிய மலையாளத்தின் ஞரம்பு இரத்தக் குழாயையும் சேர்த்துக் குறிக்கும்.

'இழுக்குது' என்ற வினையில்தான் என் வாதம் தங்கியிருக்கிறது. பாடநூல் சொல்லும் நரம்பு எதையும் இழுப்பதில்லை. உடலில் எலும்பை இழுப்பது எலும்புத்தசை ஒன்றே. அதற்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவேதான் மடக்கும் தசைக்கு எதிரே நீட்டும் தசை வேண்டியிருக்கிறது. தசையிழைக்குள் அடுக்கடுக்காக நிற்கும் சார்கோமியர் ஒவ்வொன்றிலும் மையோசின் தலைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி உள்நோக்கி நகர்த்துகின்றன. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன என்பதை 1954-இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே முன்வைத்தன. சார்கோமியரின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டராக இருக்கையில் விசை உச்சத்தில் இருக்கும் என்று தவளைத் தசையில் 1966-இல் அளந்து காட்டினார்கள். பற்றிய தலை விடுவதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அது தீர்ந்த உடலில் தசை விறைத்தே கிடக்கும். ஆசான்மாருக்கு இவை தெரிந்திருந்தன என்று நான் சொல்லவில்லை. அவர்கள் விரலுக்குத் தெரிந்தது இறுக்கமும் தளர்ச்சியும். அவர்களின் சிகிச்சைக்கு வழங்கும் 'இளக்குமுறை' என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

கவுளிக் காலம் என்னும் வர்ம இடத்தை எடுத்துக்கொள்வோம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட அவ்விடத்தில் பெருநரம்பு எதுவும் ஓடவில்லை. தோலடியில் ஆரை நரம்பின் மெல்லிய கிளைகள் உண்டு. ஆழத்தில் அல்நா நரம்பின் கிளை வருவதும் அங்குள்ள தசைகளை இயக்கத்தான். பெருவிரலைச் சுட்டுவிரலோடு ஒட்டவைத்தால் திரண்டு எழுவது தசை. ஆசானின் விரல் போய் அமர்வதும் அந்தத் திரட்சியில்தான்.

வடமொழி மரபும் இதே பிழைக்கு இரையானது. சுசுருதர் 107 மர்மங்களில் 11-ஐத் தசையிலும் 27-ஐ ஸ்நாயுவிலும் 41-ஐச் சிரையிலும் வைத்தார். எஞ்சியவை எலும்பிலும் மூட்டிலும் அடங்கின. உருண்டது, தட்டையானது என்றெல்லாம் அவர் ஸ்நாயுவைப் பகுப்பதைப் பார்த்தால் அது கட்டும் நாண் என்பது விளங்கும். இன்றைய இந்தியில் அச்சொல் நரம்பாகிவிட்டது. அந்தப் பொருளைப் பழைய நூலுக்குள் கொண்டுபோனவர்களும் உண்டு.

குரக்குவலி இயக்க நரம்பின் மிகைத்தூண்டலில் தொடங்குகிறதே என்பார்கள். தொடங்கட்டும், கையில் கல்லாக நெருடுவது தசைதானே. புருவ நடுவிலுள்ள திலர்தம் என்னும் வர்மத்தில் தசை ஏது என்ற கேள்விக்கு, முகம் சுளிக்கும் எவரும் அங்கே விரல் வைத்துப் பார்க்கலாம். காலம் எனப்படும் வர்ம இடம் வாசி என்னும் உயிர்மூச்சின் இருப்பிடம், உடற்கூறு அங்கே செல்லாது என்ற மறுப்பு கனமானது. ஆனால் அதை ஏற்றால் நரம்பு வரைபடமும் சேர்ந்தே விழும்.

மரத்துப்போதல், உணர்விழத்தல் பற்றிய பகுதிகளில் மட்டும் பாடநூல் பொருளை விட்டுவைக்கலாம். மற்ற இடங்களில் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு எழுதுமுன், பக்கத்தில் என்ன வினை நிற்கிறது என்று பார்க்கட்டும்: இழுக்கிறதா, சுருள்கிறதா, ஏறுகிறதா, தளர்கிறதா.