டப்பாவுக்குள் இருக்கும் காற்று

நம் வயதுக்காரர்கள் வீட்டு அடுக்களையில் பால்பவுடர் டப்பா இல்லாமல் இருந்திருக்காது. பவுடர் தீர்ந்ததும் கடுகோ சீரகமோ துவரம்பருப்போ அதில் குடியேறிவிடும். புது டப்பாவின் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு மெல்லிய தகடு இருக்கும். அதைக் குத்தும்போது 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அந்தச் சத்தத்தோடுதான் கழிந்தது என்பதால் இன்று அதை எழுதுகிறேன்.

பால் கெட முதல் காரணம் கிருமி. பாலிலிருந்து தண்ணீரை எடுத்துப் பவுடர் ஆக்கிவிட்டால் கிருமி வளராது. ஆனால் முழுப்பால் பவுடரில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. கொழுப்பை ஆக்சிஜன் சும்மா விடாது. நாளான தேங்காய் எண்ணெய் காறிப்போவதைப் போலப் பவுடரும் காறிப்போகும். வாடை மட்டும் அல்ல, அதிலுள்ள வைட்டமின் ஏ சத்தும் குறையும். இதற்குக் கண்ட வழி, டப்பாவிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்பி மூடுவது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். டப்பாவுக்குள் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நாங்கள் வைத்திருந்த வரம்பு.

சரி, மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இதற்கான வழியை 1851இல் ஜெர்மானிய வேதியியல் அறிஞர் லீபிக் காட்டினார். பைரோகலால் என்ற பொருளைக் காரக் கரைசலில் கலந்தால் அது ஆக்சிஜனை ஆவலோடு உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் காப்பி டிகாக்‌ஷன் போலக் கறுக்கும். 1870களில் பாரீஸைச் சேர்ந்த ஆர்சா என்பவர் இந்த முறையை வைத்து, தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கண்ணாடிக் கருவியை அமைத்தார். அவர் நினைத்தது பாலை அல்ல, தொழிற்சாலைப் புகைபோக்கியை. உலையில் நிலக்கரி ஒழுங்காக எரிகிறதா என்று புகையை அளந்து பார்க்கத்தான் அந்தக் கருவி. பாய்லருக்காக வந்தது பின்னாளில் பால் டப்பாவுக்கும் உதவியது.

அதில் வேலை செய்யும் விதம் எளிது. 100 மில்லி வாயுவை அளவுக்குழாயில் இழுக்க வேண்டும். முதலில் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலுக்குள் அனுப்பித் திரும்ப இழுத்தால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். அடுத்து பைரோகலாலுக்குள் நாலைந்து முறை அனுப்பி இழுத்தால் ஆக்சிஜன் போய்விடும். இரண்டாவது முறை எத்தனை மில்லி குறைந்ததோ அத்தனை சதவீதம் ஆக்சிஜன். வரிசையை மாற்றக் கூடாது. பைரோகலால் கரைசலும் காரமானது என்பதால் இரண்டு வாயுவையும் சேர்த்து விழுங்கிவிடும், கணக்குத் தப்பிப்போகும்.

இரண்டாம் உலகப் போரின்போது பால்பவுடர் பெரிய விஷயமாயிற்று. கப்பலில் இடம் குறைவு. தண்ணீரைச் சுமப்பதைவிடப் பவுடரைச் சுமப்பது லாபம். அது பல மாதம் கெடாமலும் இருக்க வேண்டும். பிரிட்டனில் லீ, மோரன், ஸ்மித் என்ற மூவர் பவுடரை வாயு நிரப்பி வைப்பதை ஆராய்ந்து 1943இல் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் அதே காலத்தில் ஆராய்ச்சி நடந்தது.

இந்தத் துறையில் அந்தத் தலைமுறை நமக்குக் கொடுத்த பெரிய பாடம் ஒன்று உண்டு. சூடான காற்றுக்குள் பாலைத் தூவி உலர்த்தும்போது ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி உருண்டையாகிறது. அந்த உருண்டைக்குள்ளேயே கொஞ்சம் காற்று சிறைப்பட்டுப் போகிறது. வெற்றிடப் பம்பு உருண்டைகளுக்கு இடையில் உள்ள காற்றை எடுத்துவிடும். உருண்டைக்கு உள்ளே இருப்பதை அந்தச் சில நிமிடத்தில் முழுக்க எடுக்க முடியாது. டப்பாவை மூடிய பிறகு அது மெல்ல மெல்ல, நாள் கணக்கில் வெளியே கசியும். ஆகவே மூடிய அன்று அளந்தால் ஆக்சிஜன் குறைவாகக் காட்டும். ஒரு வாரம் கழித்து அளந்தால்தான் உண்மை தெரியும். இதற்காகவே சில நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறை காற்றை உறிஞ்சி நைட்ரஜன் நிரப்பும் வழக்கம் வந்தது.

அதே போர்க்காலத்தில் வேறொரு அளவுகோலும் பிறந்தது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட ஒரு மீட்டர் வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படை கேட்டது. 1940இல் லைனஸ் பாலிங் அதைச் செய்து கொடுத்தார். ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கும் என்பதை ஏற்கெனவே ஃபாரடே கண்டிருந்தார். பாலிங் அதை வைத்து, மெல்லிய இழையில் தொங்கும் சின்னக் கண்ணாடி உருண்டைகள் காந்தத்துக்கு நடுவில் எவ்வளவு திரும்புகின்றன என்று பார்த்தார். கரைசல் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டரில் ஆக்சிஜன் அளவு மீறினால் கண் பார்வை போகும் என்று 1950களில் தெரிந்தபோது, அங்கேயும் இந்த மீட்டர் பயன்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆனந்தில் தலாயா என்ற பொறியாளர் செய்து காட்டினார். அங்கே கட்டிய ஆலையை 1955 அக்டோபர் 31 அன்று நேரு திறந்து வைத்தார். எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையை மைசூர் நிலையம் உருவாக்க, அமுல் அதைத் தயாரித்து விற்றது. குழந்தைகளுக்கான பால்பவுடரை நைட்ரஜனிலோ, நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவிலோதான் அடைக்க வேண்டும் என்பது நம் கலப்படத் தடைச் சட்டத்தின் விதிகளிலேயே இடம்பெற்றது.

நான் 1970களின் கடைசியில் ஒரு தனியார் பால்பவுடர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே இருந்ததும் ஆர்சா கருவிதான். காலையில் முதல் வேலை வெளிக்காற்றை அளப்பது. 21க்குப் பக்கத்தில் வராவிட்டால் பைரோகலால் செத்துவிட்டது என்று அர்த்தம், புதிதாகக் கலக்க வேண்டும். விரலெல்லாம் பழுப்புக் கறையாக இருக்கும். சோதித்த டப்பா திரும்ப விற்பனைக்குப் போகாது என்பதால், எத்தனை டப்பாவைக் குத்துவது என்பதில் நிர்வாகத்துக்கும் எங்களுக்கும் எப்போதும் இழுபறி.

எங்கள் தலைமைக் கெமிஸ்ட் ஏழாம் நாள் அளவு வராமல் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு தீபாவளிக்கு முன்னால் லாரி வாசலில் நிற்கிறது. மேலாளர் நேரில் வந்துவிட்டார்.

"முதல் நாள் ரிப்போர்ட்டிலேயே ஒன்றுக்குக் கீழேதானே சார் இருக்கு? இன்னும் எதுக்கு வெயிட் பண்றீங்க?"

"ஏழு நாள் கழிச்சும் இதே நம்பர் இருந்தா நானே லாரியில ஏத்தி விடறேன் சார்" என்றார் இவர்.

லாரி காலியாகத் திரும்பியது. ஏழாம் நாள் குத்திய டப்பாக்களில் பாதிக்கு மேல் 2ஐத் தாண்டியிருந்தன. அந்த லாட் முழுவதையும் மறுபடி வாயு நிரப்பினோம். மேலாளர் அவரோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆனது. அன்று மாலை அவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, மத்த சாமான்னா வாங்கினவன் நல்லா இல்லேன்னு கடைக்காரன்கிட்டே சண்டை போடுவான். இதைக் குடிக்கிறவனுக்கு அழ மட்டும்தான் தெரியும்."

இப்போது வேலை சுலபம். டப்பாவிலோ பாக்கெட்டிலோ ஒரு ரப்பர் வில்லையை ஒட்டி, அதன் வழியே மெல்லிய ஊசியைச் செருகினால் போதும். சில மில்லி வாயுவிலேயே சில விநாடியில் விடை திரையில் வந்துவிடுகிறது. மருந்துக் குப்பிகளைத் திறக்காமலேயே, கண்ணாடி வழியாக லேசர் ஒளியைச் செலுத்தி உள்ளே உள்ள ஆக்சிஜனை அளக்கும் இயந்திரங்களும் வந்துவிட்டன. பேரப்பிள்ளைகள் தின்னும் சிப்ஸ் பாக்கெட் உப்பியிருப்பதைப் பார்த்துக் 'காற்றை விற்கிறான்' என்று நாம் திட்டுகிறோம். அதுவும் நைட்ரஜன்தான். உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்று அங்கேயும் யாரோ ஒருவர் குத்திப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

கருவிக்குச் சில விநாடி போதும். ஆனால் பவுடர் உருண்டைக்குள் அடைபட்ட காற்று வெளியே வர இன்றைக்கும் நாள் கணக்கில்தான் ஆகிறது. வாசலில் எத்தனை லாரி நின்றாலும் அதற்கு அவசரம் தெரியாது. அத்தனை நாளும் பொறுத்திருந்து பிறகு கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.