ராயபுரம் ரயில் நிலையம்

ராயபுரம் ரயில் நிலையம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம். சென்னைத் துறைமுகத்தை ஒட்டி, கடற்கரை நிலையத்துக்கு வடக்கே அடுத்த நிறுத்தமாக இருக்கிறது. சென்னை மாகாண கவர்னர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று இதைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடின. இந்திய ரயில்வே வரலாற்றில் ராயபுரத்துக்கு மூன்றாவது இடம்: பம்பாய்–தாணே பாதை 1853 ஏப்ரலிலும், ஹவுரா–ஹூக்ளி பாதை 1854 ஆகஸ்டிலும் முந்திக்கொண்டன. ஆனால் பம்பாயிலும் ஹவுராவிலும் முதலில் எழுப்பிய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தில் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் இதுவே பழையது என்ற பெயர் அதனால்தான் வந்தது. தற்போது தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில் உள்ள ஒரு சிறிய புறநகர் நிறுத்தம்.

தண்டவாளம் என்ற பொருள் சென்னைக்கு 1856-இல் புதிதாக வந்ததல்ல. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை சாலைபோடும் கல்லை இழுத்துவர ஒரு பாதை இருந்தது. பொறியாளர் ஆர்தர் காட்டனின் முயற்சி அது. நீராவி எஞ்சினையும் அதில் ஓட்டிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கைவிடப்பட்ட அந்தப் பாதையை நாட்டின் முதல் ரயில் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அதில் பயணம் செய்தது கல்தான். ஆள் ஏறிப்போகும் ரயிலுக்கு ஊர் இன்னும் பத்தொன்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1845-இல் லண்டனில் தொடங்கப்பட்டு, பணம் திரளாமல் கலைந்தது. பிறகு 1850-களின் தொடக்கத்தில் மறுபடியும் உயிர்பெற்றது. இந்த முறை பணம் போட்டவர்களுக்குப் பயம் இல்லை. முதலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சதவீத வட்டி என்று அரசே உத்தரவாதம் கொடுத்திருந்தது. ரயில் அந்த அளவுக்குச் சம்பாதிக்காவிட்டால் குறைந்ததை இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்டினார்கள். லாபம் வந்தால் லண்டனுக்கு, துண்டு விழுந்தால் திருவள்ளூர்க் குடியானவனின் நிலவரிக்கு. நாடெங்கும் அன்றைய இருப்புப் பாதைகள் இப்படித்தான் எழுந்தன. சென்னைக்கு மட்டும் விசேஷமான ஏற்பாடு அல்ல. 1853-இல் வேலை தொடங்கியது. பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம். நாம் இன்று அகலப் பாதை என்று சொல்வது.

ஏன் ராயபுரம்?

இன்றைய வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு இந்த இடத்தேர்வு விநோதமாகத் தோன்றும். நகரத்தின் நடுவில் இடமில்லாமலா ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்தார்கள்? 1850-களின் சென்னையை நினைத்துப் பார்த்தால் விநோதம் எதுவும் இல்லை. அன்றைக்கு ஊரின் பணமெல்லாம் கருப்பர் நகரத்தில், அதாவது பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆன பகுதியில் புழங்கியது. துணி, எண்ணெய் வித்து, தோல், அவுரி என்று கப்பலேறும் சரக்கு எல்லாம் அங்கே கிடங்குகளில் குவிந்திருந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்கும் கருப்பர் நகரத்துக்கும் இடையிலிருந்த வெளியில் கட்டடம் எழுப்ப இராணுவம் விடாது. பீரங்கி சுட வெற்றிடம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நகருக்குள்ளோ தெருக்கள் நெரிசல். பிரெஞ்சுக்காரரின் முற்றுகைக்குப் பிறகு எழுப்பிய வடக்கு மதிலைத் தாண்டினால்தான் காலி நிலம், அதுவும் கடலை ஒட்டி. அந்த மதிலின் ஒரு துண்டு இன்னும் பழைய ஜெயில் சாலைப் பக்கத்தில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. மதிலுக்கு வெளியே முதல் கால் வைக்கும் இடம்தான் ராயபுரம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரம் போட, மசூலா படகுகள்தான் அலையைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை அறையும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். அவற்றை ஓட்டிய படகோட்டிகளில் பலர் ராயபுரத்துக்காரர்கள். புனித ராயப்பர் தேவாலயம் அந்தச் சமூகத்தினர் எழுப்பியது. இங்கிலாந்தில் வார்த்த தண்டவாளமும் எஞ்சின் பாகங்களும் கப்பலில் வந்து அந்த அலையைத்தான் கடந்தாக வேண்டும். ஆகவே தென்னிந்தியாவின் முதல் ரயில் ஒருவகையில் மசூலா படகுக்காரர்களின் தோளில் வந்து இறங்கியது.

திறப்பு விழா

நிலையத்தை வடிவமைத்தவர் வில்லியம் அடெல்ஃபி ட்ரேசி. முகப்பில் வரிசையாக உயர்ந்த தூண்கள், கிரேக்க–ரோமானியக் கோயில்களைப் பார்த்து ஐரோப்பியர் பழகிய அமைப்பு. சென்னை உயர் நீதிமன்றத்திலும் எழும்பூர் நிலையத்திலும் காணும் குவிமாடமும் செங்கல் அலங்காரமும் இதில் இல்லை. அந்த இந்தோ–சாராசெனிக் பாணி ஊருக்குள் வருவதற்கு முந்தைய தலைமுறைக் கட்டடம் இது. செங்காவிச் சுவரில் வெள்ளைத் தூண்களாக இன்று தெரியும் முகப்பை, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பழைய ஜமீன் பங்களா என்றுதான் நினைப்போம்.

ஜூன் 28 அன்று கவர்னரும் அழைக்கப்பட்ட ஐரோப்பியர் சுமார் 300 பேரும் ஒரு வண்டியில் மேற்கே போனார்கள். இந்திய விருந்தினருக்குத் தனி வண்டி, திருவள்ளூர் வரைக்கும். முதல் நாளே பெட்டிகளில் இனம் பிரிந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். பெட்டிகளைச் செய்து தந்தது மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி. அதுவரை குதிரை வண்டி கட்டிப் பேர்வாங்கிய நிறுவனம். ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ் விழாவைப் படத்துடன் வெளியிட்டது. முதல் பாதை ஆற்காட்டுக்குப் பக்கத்து வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாட்டுவண்டியில் நாள்கணக்கில் ஆகும் வழி.

ஹாரிஸ் பிரபுவைப் பற்றி ஒரு வரி. கிரிக்கெட் வரலாறு படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தெரிந்தவர் இவருடைய மகன்: இங்கிலாந்து அணித் தலைவராக இருந்து, பிறகு பம்பாய் கவர்னராக வந்த நான்காவது ஹாரிஸ் பிரபு.

முனையமாக இருந்த ஐம்பது ஆண்டு

வாலாஜா ரோட்டில் நின்ற பாதை மெல்ல நீண்டது. 1862-க்குள் மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூர் வரை போய்விட்டது. வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக் கடலுக்கு ஒரே தண்டவாளம். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. அரக்கோணத்தில் வடமேற்கே திரும்பிய இன்னொரு பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. ரயிலைப் பழுதுபார்க்கும் பணிமனை பெரம்பூரில் வளர்ந்து, வட சென்னையில் ஆலைத் தொழிலாளர் என்ற ஒரு புதிய வர்க்கத்தையே உண்டாக்கியது.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, ரயிலின் இரண்டு முகமும் தெரிந்தன. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கடல்வழி வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாகக் குவிந்தது. பசித்த கூட்டம் சிந்தின மணியைப் பொறுக்க, காவலர் விரட்டினார்கள். உள்நாட்டுக்கு அரிசி போக ரயிலைத் தவிர வழி இல்லை. அதே ரயில், வியாபாரி விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தை நகர்த்தவும் உதவியது. எங்கோ ஓர் ஊரில் மழை பொய்த்தால் அங்கே மட்டும் ஏறும் விலை, தண்டவாளம் போன ஊரிலெல்லாம் சேர்ந்தே ஏறியது. பஞ்சத்தை ரயில் தணித்ததா பரப்பியதா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

இதற்கிடையே 1873-இல் பார்க் டவுனில் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்ததை, மணிக்கூண்டெல்லாம் சேர்த்து ராபர்ட் சிஷோம் முடித்துக் கொடுத்தார். ராயபுரத்தில் நெரிசல் கூடிவிட்டது, நகரமும் மேற்கேயும் தெற்கேயும் பரவிவிட்டது. ஆனாலும் சென்ட்ரல் வந்தவுடனே ராயபுரம் ஒதுங்கிவிடவில்லை. அதை ஒதுக்கியது துறைமுகம்தான். துறைமுகத்துக்கென எழுப்பி, 1881 புயலில் சிதைந்த அலைத்தடுப்புச் சுவர்களை மீண்டும் கட்டி, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் துறைமுகம் உருப்படியானதும், சரக்கு வண்டி நேராகக் கப்பலடிக்கே போக வேண்டியதாயிற்று. 1907-இல் கடற்கரைப் பாதை தெற்கே நீட்டப்பட்டது. அதோடு ராயபுரம் பாதையின் முடிவாக இருந்த நிலை போய், வழியில் உள்ள ஒரு நிலையமாயிற்று. பயணிகள் வண்டிகள் சென்ட்ரலுக்குப் போய்விட்டன. கடலை நம்பி வைத்த நிலையத்தைக் கடலோர வேலையே கடந்து போனது.

1908 ஜனவரியில் மெட்ராஸ் ரயில்வேயும் தெற்கு மராட்டா ரயில்வேயும் இணைந்து எம்.எஸ்.எம். ரயில்வே ஆனது. அதன் தலைமை அலுவலகம் 1922 வரை ராயபுரத்திலேயே இருந்தது. அந்த ஆண்டு சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இன்றைய தெற்கு ரயில்வே தலைமையகக் கட்டடம் தயாரானதும் அதுவும் போயிற்று.

கட்டடம் பிழைத்ததற்கு இந்தச் சரிவே காரணம் என்பது என் கருத்து. பம்பாயில் முதல் நிலையமான போரி பந்தர் செழித்ததால் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. ஹவுரா செழித்ததால் 1905-இல் புது நிலையம் கட்டினார்கள். ராயபுரத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் தேவையே யாருக்கும் வரவில்லை.

சரக்கும் புகையும்

பயணிகள் போனாலும் தண்டவாளம் சும்மா கிடக்கவில்லை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போகும் பாதை 1899-இல் விஜயவாடாவுடன் சேர்ந்து கல்கத்தா வழி ஆயிற்று. அதை ஒட்டித்தான் வட சென்னையின் தொழிற்சாலைகள் அடுக்கடுக்காக வந்தன. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயரில் ஒரு நிலையமே இருக்கிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்ட், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல்மின் நிலையம். காலை ஷிப்டுக்கு டிபன் கேரியரோடு ரயிலேறிய தொழிலாளர்கள்தான் இந்தப் பாதையின் உண்மையான பயணிகள்.

ராயபுரத்தில் கூட்ஸ் யார்டும் துறைமுகத்துக்குள் போகும் இணைப்புகளும் இருந்தன. ரயில்வேயின் டிக்கெட்டுகளையும் படிவங்களையும் அடித்துத் தந்த அச்சகமும் இங்கேதான். துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியும் ஏறிய இரும்புத்தாதும் இந்த வழியே போய்வந்தன. அவற்றின் தூசு படிந்து ராயபுரத்து வீடுகளில் கொடியில் காயும் துணி கறுத்ததைப் பற்றி ஊரார் பல்லாண்டு முறையிட்டு, நீதிமன்ற உத்தரவின் பேரில் 2011-இல் அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது. தூசு எண்ணூர்க்காரர்களுக்குப் போனது.

1979-இல் கும்மிடிப்பூண்டிப் பாதையில் மின்சார வண்டி வந்தது. ஆனாலும் பெரும்பாலான வண்டிகள் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடுகின்றன. கடற்கரையிலிருந்து கிளம்புபவை மட்டுமே ராயபுரத்தைத் தொடுகின்றன. மெட்ரோவும் 2021-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டபோது, திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே போய்விட்டது.

சீரமைப்பும் முனையக் கோரிக்கையும்

கூரை ஒழுகி, சுவரில் ஆலஞ்செடி முளைத்துக் கிடந்த கட்டடத்தை மரபார்வலர்கள் விடாமல் எழுதியும் கேட்டும், 2005-இல் ரயில்வே சீரமைத்தது. முகப்பும் முன்கூடங்களும் பழைய தோற்றத்துக்கு வந்தன.

அதைவிடப் பிடிவாதமாக ஊரார் கேட்பது, ராயபுரத்தை மறுபடியும் முனையமாக்க வேண்டும் என்பது. சென்ட்ரலிலும் எழும்பூரிலும் இடம் போதவில்லை, இங்கே ரயில்வேயின் சொந்த நிலம் தாராளமாகக் கிடக்கிறது, வடக்கே போகும் வண்டிகளை இங்கிருந்தே விடலாம் என்பது அவர்கள் வாதம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ரயில்வே தாம்பரத்தை மூன்றாவது முனையமாக்கியது. நான்காவதாகப் பெரம்பூரைப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் நாடெங்கும் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கும் மின் எஞ்சின்களில் பல, ராயபுரம் எஞ்சின் பணிமனையைச் சேர்ந்தவை. அந்த எஞ்சின்கள் இழுக்கும் வண்டிகள் இங்கே நிற்பதில்லை.