குவாத்தமாலா மாயா பெண்களின் வீப்பீல்: ஓர் ஆடையின் வரலாறு

குவாத்தமாலாவில் 2018 கணக்கெடுப்பின்போது சுமார் 62 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 42 சதவீதத்தினர், தங்களை மாயா இனத்தவர் என்று பதிந்துகொண்டனர். 'மறைந்துபோன நாகரிகம்' என்றே படித்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். இம்மக்களின் வரலாற்றுத் தொடர்ச்சியை அறியப் பாழடைந்த பிரமிடுகளைவிடப் பெண்கள் அணியும் வீப்பீல் என்ற மேலாடை நல்ல சான்று. அது பலமுறை மாறியிருக்கிறது. ஆனால் எதை மாற்றுவது என்ற முடிவு பெரும்பாலும் நெய்பவளிடமே இருந்துவந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பண்டைய மாயா நகரமான யாஷ்சிலானின் 8ஆம் நூற்றாண்டு நிலைவிட்டக் கல் ஒன்றில் அரசி கபல் ஷோக் சாய்சதுரப் பூவேலை நிறைந்த வீப்பீலுடன் செதுக்கப்பட்டிருக்கிறாள். ஹைனா தீவில் கிடைத்த சுடுமண் பொம்மைகளில் இடுப்புத் தறியில் நெய்யும் பெண் காணப்படுகிறாள். அதே தறிதான் இன்றும் புழக்கத்தில் உள்ளது. இரு கட்டைகளுக்கிடையே பாவு. ஒரு கட்டை மரத்திலோ தூணிலோ கட்டப்படும், மற்றது நெய்பவளின் இடுப்பு வாரில் பிணைந்திருக்கும். அவள் பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னால் குனிந்தால் தளரும். புட்டா போடுவதற்கு, பாவிழைகளை எண்ணி எண்ணி வண்ண நூலைக் கையால் கோக்க வேண்டும். நெருக்கமான புட்டா உள்ள வீப்பீல் முடிய மாதக்கணக்கில் ஆகும். கை எட்டும் அகலமே துணியின் அகலம் என்பதால், இரண்டு மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்தே ஆடை உருவாகிறது. வேலை நின்றால் தறியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடலாம்.

1524இல் ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ அல்வராதோ படையுடன் வந்த பிறகு பருத்தித் துணி திறைப்பொருளாயிற்று. அதிகாரிகள் பஞ்சைக் கொடுத்து, அற்பக் கூலிக்குப் பெண்களை நூல் நூற்க வைத்தனர். ஸ்பானியர் கொண்டுவந்த மிதிதறி ஆண்களிடம் போனது. பாவாடைத் துணி பெரும்பாலும் அதில்தான் நெய்யப்படுகிறது. வீப்பீலோ இடுப்புத் தறியிலேயே தங்கிவிட்டது.

ஊருக்கொரு வடிவத்தை ஸ்பானியரே அடையாளத்துக்காகத் திணித்தனர் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. இதற்குச் சான்று பலவீனமானது. நமக்குக் கிடைக்கும் பழைய துணித் தொகுப்புகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அதிகம் செல்வதில்லை. அவற்றைக் கொண்டு 16ஆம் நூற்றாண்டைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாது.

பின்னர் வேதிச் சாயமும், இறக்குமதியான மெருகூட்டிய பருத்தி நூலும், அக்ரிலிக்கும் வந்தன. அதித்லான் ஏரிக்கரையிலுள்ள சாந்தா கத்தரினா பலோபோவில் முன்பு சிவப்பு ஓங்கியிருந்த வீப்பீல், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலமாகிவிட்டது. இதைச் சீரழிவு என்று சேகரிப்பாளர்கள் புலம்புவதை ஏற்பதற்கில்லை. எந்த அதிகாரியும் ஆணையிட்டு அந்த நிறம் மாறவில்லை.

கட்டாயத்தால் நேர்ந்த மாற்றம் வேறு வகை. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர் என்றும், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதத்தினர் மாயாக்கள் என்றும் உண்மை கண்டறியும் ஆணையம் 1999இல் அறிவித்தது. எந்த ஊர்க்காரி என்பதை வீப்பீல் காட்டிக்கொடுத்ததால், தப்பியோடிய பெண்கள் பலர் அதைக் களைந்து ஒளித்தார்கள். அமைதி வந்த பின்னும் அவமதிப்பு ஓயவில்லை. பாரம்பரிய உடையில் வந்ததற்காக மானுடவியலாளர் இர்மா அலிசியா வெலாஸ்கெஸ் நிமதூஹ் 2002இல் ஓர் உணவகத்தில் தடுக்கப்பட்டார். அவ்வாண்டே பாகுபாடு குற்றமாக்கப்பட்டது. இன்று படித்த இளம்பெண்கள் பிற ஊர்களின் வீப்பீலையும் விரும்பி அணிகிறார்கள்.

இப்போதைய நெருக்கடி சந்தையில் இருக்கிறது. இயந்திரத்தில் அச்சிட்ட போலிகள் மலிவாகக் குவிகின்றன. பழைய வீப்பீல்கள் வெட்டப்பட்டுக் கைப்பைகளாகின்றன. சகாத்தெபெக்கெஸ் பெண்கள் அமைப்பான அஃபெதெஸ் 2016இல் அரசியல் சாசன நீதிமன்றத்தை அணுகியது. நெசவு வடிவங்களைக் காக்கச் சட்டமியற்றுமாறு நீதிமன்றம் 2017இல் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. பழங்குடி மக்களைக் கூட்டு ஆசிரியர்களாகச் சட்டம் ஏற்க வேண்டும் என்பதே நெசவாளர்களின் கோரிக்கை. கல்லிலும் சுடுமண்ணிலும் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான சான்றுகள் இருக்கையில், அதை மறுக்க வரலாற்று அடிப்படையில் காரணம் எதுவுமில்லை.